கழுதை யார்? சீட்டுப் போடும் முன்பே பேசிவிடுங்கள்!

சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. சீட்டாட்டத்தில் நிலத்தையும் நகையையும் தொலைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காசு வைத்து ஆடும் அந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே பேச்சு இல்லை.

இது "கழுதை" ஆட்டத்தைப் பற்றிய பேச்சு.

இதில் காசு கிடையாது. பந்தயம் கிடையாது. பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து ஆடலாம். கோடை விடுமுறையிலும், கலியாண வீட்டிலும், மின்சாரம் போன இரவிலும், நீண்ட ரெயில் பயணத்திலும் பொழுதைப் போக்கும் ஆட்டம் இது.

ஆனால், இந்த ஆட்டத்திலும் சண்டை வருகிறது. காசுக்காக அல்ல. "எங்கள் வீட்டில் அப்படி ஆட மாட்டோம்" என்ற ஒரே ஒரு பேச்சுக்காக!

ஆட்டம் எப்படி?

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

52 சீட்டுகளையும் எல்லோருக்கும் பங்கு போட வேண்டும். 4 பேர் என்றால் ஆளுக்கு 13 சீட்டுகள். இஸ்பேடு ஏஸ் யாரிடம் இருக்கிறதோ, அவர் அதைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவார். மற்றவர்களும் வரிசையாக இஸ்பேடு போட வேண்டும்.

எல்லோரும் இஸ்பேடு போட்டுவிட்டால் அந்தச் சுற்று கழிந்தது. அந்தச் சீட்டுகளைக் கவிழ்த்து ஒதுக்கிவிடலாம். பெரிய சீட்டைப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு ஆகிய நான்கில் எதை வேண்டுமானாலும் அவர் இறக்கலாம்.

ஒருவரிடம் அந்த இனச் சீட்டே இல்லை என்றால்? அவர் வேறு இனச் சீட்டைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்துவிட்டால், இறக்கிய இனத்தில் யார் பெரிய சீட்டைப் போட்டாரோ, அவர் கீழே கிடப்பது அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும்.

கையில் உள்ள சீட்டு தீர்ந்தவர் தப்பினார். கடைசி வரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் கழுதை!

மற்ற ஆட்டங்களில் ஏஸும் ராஜாவும் வந்தால் மகிழ்ச்சி. இதில் அவைதான் பாரம். பெரிய சீட்டு வைத்திருப்பவர்தான் அள்ள நேரும்.

கொஞ்சம் கணக்கும் வேண்டும். ஓர் இனத்தில் 13 சீட்டுகள். 4 பேர் ஆடும்போது ஓர் இனத்தில் வெட்டு விழாமல் 3 சுற்றுகள் கழிந்தால் 12 சீட்டுகள் போய்விட்டன. மீதி ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் தெரியாமல் அதையே இறக்கினால் வெட்டு நிச்சயம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட இந்தக் கணக்கை விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

இந்த ஆட்டம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கேரளத்திலும் இதற்குக் கழுதை என்றே பெயர். பஞ்சாபில் இதற்கு "பாபி" என்று பெயர். "பாபி" என்றால் அண்ணி. அங்கே தோற்றவர் கழுதை அல்ல, அண்ணி!

வீட்டுக்கு ஒரு வழக்கம்

மேலே சொன்னது எல்லோருக்கும் பொதுவான விதி. அதற்குமேல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது.

7 பேர் ஆடினால் 52 சீட்டுகளைச் சமமாகப் பிரிக்க முடியாது. மூன்று பேருக்கு 8, நான்கு பேருக்கு 7 என்று வரும். "வந்தவரைக்கும் சரி" என்று ஒரு வீட்டில் ஆடுவார்கள். இன்னொரு வீட்டில், "சின்னச் சீட்டு மூன்றை எடுத்துவிட்டு ஆளுக்கு ஏழு போடு" என்பார்கள்.

வெட்டு விழுந்தவுடன் சுற்று முடிந்துவிட்டது என்பது ஒரு வழக்கம். இல்லை, மீதிப் பேரும் சீட்டுப் போட்ட பிறகுதான் அள்ள வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இரண்டாவது வழக்கத்தில் அள்ளுகிறவருக்குச் சுமை அதிகம்.

பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ள சீட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவரைத் தப்பவிடலாம் என்பதும் ஒரு வழக்கம். பஞ்சாபில் இப்படி ஆடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேட்டால் பலர், "இது என்ன கூத்து?" என்று சிரிப்பார்கள்.

ஒருவர் தம்முடைய கடைசிச் சீட்டைப் போடுகிறார். அந்தச் சுற்றில் அதுவே பெரிய சீட்டாகவும் அமைந்துவிடுகிறது. அடுத்த சுற்றை அவர்தான் தொடங்க வேண்டும். ஆனால் கையில் சீட்டு இல்லை. என்ன செய்வது? "அவர் தப்பினார், அடுத்தவர் தொடங்கட்டும்" என்பது ஒரு வீடு. "கழிந்த சீட்டுகளில் ஒன்றை உருவிக்கொண்டு அவரே தொடங்கட்டும்" என்பது மற்றொரு வீடு. முதல் வீட்டில் தப்பியவர் இரண்டாம் வீட்டில் கழுதை ஆனாலும் ஆகலாம்!

இவற்றில் எது சரி, எது தவறு?

எல்லாமே சரிதான். ஒரே ஒரு நிபந்தனை. சீட்டுப் போடும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புது மருமகளின் இஸ்பேடு ஏஸ்

தலைத் தீபாவளி முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இரவுச் சாப்பாடு ஆகிவிட்டது. கூடத்தில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "அண்ணி, நீங்களும் வாருங்கள்!" என்று கொழுந்தன் கூப்பிடுகிறான். அவளும் ஆசையாக வந்து உட்காருகிறாள்.

இஸ்பேடு ஏஸ் அவளிடம் இருக்கிறது. அதை இறக்குகிறாள். நாலாவதாக இருந்த நாத்தனாரிடம் இஸ்பேடு இல்லை. வெட்டு விழுகிறது.

பெண் கவலைப்படவில்லை. அவள் பிறந்த வீட்டில் முதல் சுற்றில் வெட்டு விழுந்தாலும் யாரும் அள்ள வேண்டியதில்லை. சீட்டுகளைக் கவிழ்த்து ஒதுக்கப் போகிறாள்.

"அதெல்லாம் இங்கே கிடையாது. அள்ளுங்கள், அண்ணி!" என்று ஒரே சிரிப்பு.

அவள் அள்ளுகிறாள். அவளும் சிரிக்கிறாள். கடைசியில் கழுதையும் அவள்தான். "வந்தவுடனே கழுதையா?" என்று யாரோ விளையாட்டாகச் சொல்கிறார்கள். அப்போதும் சிரிக்கிறாள். ஆனால் அன்று இரவு அவள் மனத்தில் என்ன இருக்கும்? சீட்டில் தோற்றது பெரிதாக இராது. இந்த வீட்டின் வழக்கம் தனக்கு மட்டும் தெரியவில்லையே, யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்பதுதான் உறுத்தும்.

விதிக்குக் காரணம் உண்டு

முதல் சுற்றில் மன்னிப்பு என்ற வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரியும்.

இஸ்பேடு ஏஸ் வைத்திருப்பவருக்கு வேறு வழி கிடையாது. அதைத்தான் அவர் போட்டாக வேண்டும். அதைவிடப் பெரிய இஸ்பேடும் கிடையாது. ஆகவே வெட்டு விழுந்தால் அள்ள வேண்டியவரும் அவரேதான். அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. தவறு செய்யாதவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் அந்த மன்னிப்பு.

ஆளுக்கு 13 சீட்டு வைத்து ஆடும் நாலு பேர் வீட்டில் ஒருவர் கையில் இஸ்பேடே இல்லாமல் போவது அரிது. அங்கே இந்த மன்னிப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆளுக்கு ஏழெட்டுச் சீட்டு வைத்து ஆடும் பெரிய குடும்பத்தில் முதல் சுற்றிலேயே வெட்டு விழுவது அடிக்கடி நடக்கும். அங்கேதான் இந்த மன்னிப்பு வேண்டியிருக்கும்.

வீட்டு வழக்கம் என்பது யாரோ மனம்போனபடி சொன்னது அல்ல. அந்த வீட்டில் எத்தனை பேர், அவர்களில் சிறுவர்கள் எத்தனை பேர், ஆடுவதற்கு நேரம் எவ்வளவு என்பதை எல்லாம் பார்த்து, ஆடி ஆடிப் பழகியதில் வந்தது. ஆகவே பிறர் வீட்டு வழக்கத்தைக் கேட்டுச் சிரிப்பது சரியல்ல. அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

அமெரிக்கக் குடும்பத்தின் சண்டை

விதிச் சண்டை இங்கே மட்டும்தான் என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் ரீடிங் என்று ஓர் ஊர். அங்கே முடி திருத்தும் கடை வைத்திருந்தவர் மெர்ல் ராபின்ஸ். அந்த நாட்டில் "கிரேசி எய்ட்ஸ்" என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. கீழே கிடக்கும் சீட்டின் இனமோ எண்ணோ பொருந்தும்படி போட்டுக் கையைக் காலி செய்ய வேண்டும். அந்த ஆட்டத்தின் விதியைப் பற்றி ராபின்ஸுக்கும் அவர் மகனுக்கும் வாக்குவாதம் வந்தது என்றும், அதிலிருந்துதான் புது ஆட்டம் பிறந்தது என்றும் சொல்வார்கள்.

1971-ம் ஆண்டில் அவர் உருவாக்கிய அந்த ஆட்டம்தான் "ஊனோ." குடும்பத்தார் 8,000 டாலர் சேர்த்து 5,000 கட்டுகள் அச்சடித்தார்கள். முதலில் தம் கடையில் வைத்தே அவர் விற்றார். இன்று தமிழ்நாட்டுக் கடைகளிலும் அது கிடைக்கிறது. பழைய கட்டில் 108 சீட்டுகள். ஆளுக்கு 7 சீட்டுகள்.

சண்டையைத் தீர்க்கப் பிறந்த ஆட்டம் என்றால், அதில் சண்டையே வரக் கூடாது அல்லவா? வந்தது!

ஊனோவில் "இரண்டு எடு", "நான்கு எடு" என்று தண்டனைச் சீட்டுகள் உண்டு. ஒருவர் "நான்கு எடு" போட்டால், அடுத்தவர் அதன்மேல் "இரண்டு எடு" போட்டு, அதற்கடுத்தவர் தலையில் ஆறாகக் கட்டலாமா? பல வீடுகளில் அப்படித்தான் ஆடுகிறார்கள். 2019-ம் ஆண்டில் அந்த ஆட்டத்தை விற்கும் நிறுவனமே, "கூடாது, நான்கு சீட்டை எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டியதுதான்" என்று அறிவித்தது.

ஆடுகிறவர்கள் கேட்டார்களா? "ஆட்டம் உங்களுடையதாக இருக்கலாம். வீடு எங்களுடையது!" என்பதுபோல் பதில்கள் குவிந்தன. கடைசியில் நிறுவனமும் வீட்டு வழக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. புதிய கட்டுகளில் வெற்றுச் சீட்டுகள் சில வருகின்றன. வீட்டு விதியை அதில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வீட்டு விதி இருக்கட்டும். ஆனால் அது எழுதியபடி இருக்கட்டும். நினைத்தபோது மாறக் கூடாது.

புத்தகம் வேண்டுமா?

"எல்லா வீட்டுக்கும் ஒரே விதி என்று புத்தகம் போட்டுவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

அப்படியும் நடந்திருக்கிறது. லண்டனில் எட்மண்ட் ஹாயில் என்பவர் "விஸ்ட்" என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்து வந்தார். 1742-ம் ஆண்டில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மதிப்பு. எந்தக் காரியமும் முறைப்படி நடந்தால் "ஹாயில் சொன்னபடி" என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் சொல்வது இன்றும் உண்டு.

ஆனால் விஸ்ட் காசு வைத்து ஆடப்பட்ட ஆட்டம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அங்கே புத்தகம் தேவைப்பட்டது.

கழுதை ஆட்டத்துக்கு அப்படி ஒரு புத்தகம் தேவை இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் உறவு. அங்கே வேண்டியது புத்தகம் அல்ல, வாய்ப்பேச்சு. ஐந்து நிமிடம் போதும்.

நடுவில் மாற்றுவதுதான் குற்றம்

உண்மையான தகராறு எங்கே பிறக்கிறது? வேறு வேறு வழக்கம் இருப்பதால் அல்ல. ஆட்டத்தின் நடுவில், தனக்குச் சாதகமாக ஒருவர் புது விதி சொல்வதால்.

மாமா ஒருவர். கையில் மூன்று சீட்டு. எதிரே எட்டு வயது மருமகன். வெட்டு விழுந்தது. மாமா அள்ள வேண்டும். உடனே, "கடைசி மூன்று சீட்டுக்கு வந்துவிட்டால் அள்ள வேண்டாம். அதுதான் விதி" என்கிறார். முந்தின ஆட்டத்தில் அந்த விதி இல்லை. பையன் அம்மாவைப் பார்க்கிறான். "சரி விடுடா, மாமாதானே" என்கிறாள் அம்மா.

பையன் விட்டுவிடுகிறான். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். விதி என்பது பெரியவர்களுடையது, குரல் ஓங்கியவர்களுடையது, வேண்டும்போது அதை வளைக்கலாம். நாளைக்கு அவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளையோடு ஆடும்போது அதையே செய்வான்.

"அட, விளையாட்டுத்தானே! இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம்.

விளையாட்டுதான். ஆனால் குழந்தைக்கு நீதி நியாயம் முதலில் தெரிவது விளையாட்டில்தான். நீதிமன்றத்தை அது பார்த்ததில்லை. சட்டத்தைப் படித்ததில்லை. "எல்லோருக்கும் ஒரே விதி" என்பதை அது முதன் முதலில் காண்பது கூடத்துத் தரையில், சீட்டுக்கட்டின் முன்னால். அங்கே ஏமாந்த பிள்ளை வேறு எங்கே நம்பும்?

குழந்தைக்குச் சலுகை தரலாமா?

தரலாம். ஆனால் அதையும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பாப்பா சின்னவள். முதல் வெட்டுக்கு அவள் அள்ள வேண்டாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை. ரகசியமாகச் சீட்டை மாற்றிப் போட்டு அவளைத் தப்பவிடுவது தவறு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தப்பியதில் மகிழ்ச்சி இராது.

அதேபோல், சீட்டு கையில் இருந்தும் இல்லை என்று வெட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. பிடிபட்டால் என்ன செய்வது? கீழே கிடப்பதை அவரே அள்ள வேண்டும் என்று முன்பே பேசிவைத்துவிட்டால் போதும். அப்பாவே ஆனாலும் அள்ளத்தான் வேண்டும். அப்பா ஒரு தடவை சிரித்துக்கொண்டே அள்ளிவிட்டால், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

தோற்றவருக்கு என்ன தண்டனை?

கழுதை ஆனவர் கழுதைபோல் கத்த வேண்டும் என்பது சில வீட்டு வழக்கம். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலக்கிப் போட வேண்டும், எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது வேறு சில வீட்டு வழக்கம்.

இதற்கு ஓர் அளவு உண்டு. தோற்றவரும் சேர்ந்து சிரிக்கும்படி இருந்தால் அது விளையாட்டு. மற்றவர்கள் மட்டும் சிரித்தால் அது அவமானம். தாத்தா கழுதைபோல் கத்தினால் வீடே மகிழும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, பள்ளியில் ஏற்கெனவே ஏச்சு வாங்கும் பிள்ளையை, பத்துப் பேர் முன்னால் கத்தச் சொன்னால் அவன் மனம் நொந்துபோகும். அந்தப் பெயர் சீட்டோடு எழுந்து போய்விட வேண்டும். மறுநாள் காலையில், "ஏய் கழுதை, இங்கே வா" என்று கூப்பிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

சீட்டைக் கையில் எடுக்கும் முன்பு ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மிச்சச் சீட்டை என்ன செய்வது? முதல் சுற்றில் வெட்டு விழுந்தால் அள்ள வேண்டுமா? வெட்டு விழுந்ததும் சுற்று முடிகிறதா? கடைசிச் சீட்டே பெரிய சீட்டானால் அடுத்து யார்? தோற்றவருக்கு என்ன தண்டனை?

புதிதாக வந்தவர் இருந்தால், "உங்கள் வீட்டில் எப்படி?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். முதல் ஆட்டம் இந்த வீட்டு வழக்கப்படி நடக்கட்டும். இரண்டாவது ஆட்டம் அவர் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும். அந்தப் புது மருமகளிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால், அவள் கழுதையே ஆகியிருந்தாலும் மனம் குளிர்ந்திருப்பாள்.

நடுவில் எதிர்பாராத சிக்கல் வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. கையில் சீட்டோடு இருப்பவர் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவருக்கு லாப நஷ்டம் உண்டு. முதலில் தப்பியவர் சொல்லட்டும். அவர் இனிமேல் தோற்கப் போவதும் இல்லை, ஜெயிக்கப் போவதும் இல்லை. அவர் சொல்வதை எல்லோரும் ஏற்க வேண்டும். இன்னும் யாருமே தப்பவில்லை என்றால் அந்த ஆட்டத்தைக் கலைத்துவிட்டு, விதியைப் பேசி முடித்து, மறுபடி சீட்டுப் போடுங்கள்.

ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன் முதலில் தப்பிவிட்டான் என்றால், அன்றைய நீதிபதி அவன்தான். மாமாவும் பெரியப்பாவும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். ஆனால் அவன் எவ்வளவு யோசித்து, எவ்வளவு பொறுப்பாகத் தீர்ப்புச் சொல்கிறான் என்று பாருங்கள்!

கொஞ்சம் காசு கொடுத்தால் சீட்டுக்கட்டு கிடைத்துவிடும். அதை வைத்து ஒரு குடும்பம் ஒரு மாலைப் பொழுதைச் சிரித்துக் கழிக்கலாம். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சீட்டைக் கலக்கும் முன்பு பேசும் அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான்.